மிட்டா மதிலோரம் போன பாதை

எங்கள் ஊர் ஏரியைச் சுற்றி நடப்பது ஒன்றும் பெரிய காரியமல்ல. நெசவுக்காரர் தெருவின் கடைசி வீட்டைத் தாண்டினால் புளியந்தோப்பு, அதைத் தாண்டினால் மதகு. மதகுப் படியேறிவிட்டால் கரை சமமாகப் போகும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்வயல். கரை வளைகிற இடத்தில் மிட்டாதாரின் பழைய மாளிகை மதில் வரும். மிட்டா என்பது எங்கள் பக்கத்துச் சின்ன ஜமீன். மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், ஏரி நிறைந்ததும் தண்ணீர் வழிகிற கலிங்கு. அங்கே இறங்கி வண்டிப்பாதையில் தெருவுக்குத் திரும்பிவிடலாம். பிள்ளை பெற்று எழுந்தவள்கூட மூச்சு வாங்காமல் நடக்கலாம்.

நானே அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் எனக்குக் கால் வீங்கிக்கொண்டது. "படுத்தே கிடக்காதே, தினமும் சாயந்திரம் நட" என்று சேலத்து ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம் அது. வீட்டு மருமகள் தனியாகக் காலாற நடப்பதாவது! துணைக்கு என் வீட்டுக்காரரின் அக்காவை அனுப்பினார்கள்.

அவர் சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். வெள்ளைச் சேலை. பகல் முழுக்க ராட்டையில் நூல் சுற்றுவார். வீட்டில் அவர் குரல் கேட்காது. ஆனால் மதகுப் படி ஏறியதும் வேறு ஆளாகிவிடுவார். தெருவில் யார் எப்படி நடப்பார்கள் என்று ஒவ்வொருவராக நடந்து காட்டுவார். ஜவுளி வியாபாரி தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதை அவர் காட்டியபோது, சிரித்துச் சிரித்து நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கும் அந்த ஒரு நாழிகைதான் நாளில் சொந்தம்.

பெரிய மிட்டாதார் இருந்தவரை எங்களை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவர் காலமானதும் மகன் பட்டணத்திலிருந்து மோட்டார் காரோடு வந்தார். ஏரியில் வாத்து சுட வெள்ளைக்கார விருந்தாளிகள் வரப்போக இருந்தார்கள். ஒருநாள் நாங்கள் மதில் முனைக்குப் போனபோது கரைக்குக் குறுக்கே வேலிமுள் அடைத்திருந்தது. பக்கத்தில் மிட்டாக் காவல்காரர் நின்றார்.

"இனிமேப்பட்டு இப்பிடிப் போவக் கூடாதுங்க அம்மிணி. காரியஸ்தர் உத்தரவுங்க" என்றார். அவருக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது.

"ஏனுங்க? நாங்க என்ன பண்ணிப்போட்டோம்?" என்று கேட்டேன்.

அதற்குள் காரியஸ்தரே வந்துவிட்டார். மிட்டாவின் வரவு செலவெல்லாம் பார்க்கிறவர். என்னைப் பார்த்துத்தான் பேசினார், அக்காவைப் பார்க்கவே இல்லை. "நீ போறதுக்கு ஒண்ணுமில்லை அம்மிணி. பெரிய எடத்து ஒறம்பரைங்க, துரைமாருங்க வந்து போற நேரம். வெள்ளைச் சேலை எதுத்தாப்பல வந்தா நல்லாவா இருக்குது? நீயே சொல்லு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்தில் நிற்கிற மனுஷியை ஒரு சேலையாக்கிப் பேசுகிறார்! வாத்து சுட வருகிற துரைக்கு எங்கள் ஊர்ச் சகுனம் தெரியுமா? நான் வாயைத் திறக்குமுன் அக்கா முன்னால் வந்தார்.

"வருஷா வருஷம் கோடையில ஊட்டுக்கு ஒரு ஆள் வந்து கரைக்கு மண்ணு போடோணும்னு தண்டோராப் போடறீங்களே. எங்க ஊட்டுல இருந்து வாரது நானுங்க. கூடை கூடையா மண்ணு கொட்டையில இந்தச் சேலை உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?"

காரியஸ்தர் காவல்காரரைப் பார்த்து, விடாதே என்று கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்காமல், "பெரிய எடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கு? தெருவுக்குள்ளயே நடங்க" என்றார். மிட்டாக்காரர்கள் மேல் வந்த கோபத்தைவிட அந்தப் பேச்சுக்கு வந்த கோபம்தான் பெரிது. சொந்த அக்காவை ஒருவன் நடுக்கரையில் நிறுத்தி அவமானப்படுத்தியிருக்கிறான். இவருக்குத் தறியில் நாடா ஓடுவது நின்றுவிடக் கூடாது! இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அக்கா ராட்டைக்குத் திரும்பிவிட்டார். தெருவுக்குள் நடக்க அவர் வரவே இல்லை.

ஐப்பசியில் விடாமல் மழை பிடித்தது. ஒரு விடியற்காலை தண்டோராச் சத்தம் கேட்டது. மதில் முனைக்குப் பக்கத்தில் கரை கசிகிறது, வீட்டுக்கு ஒரு ஆள் உடனே வரவேண்டும் என்று. கரை உடைந்தால் முதலில் முழுகுவது எங்கள் தெருதான். போகாமல் இருக்க முடியாது. "இப்ப மட்டும் நம்ம காலு அங்க படலாமா?" என்று நான் கத்தினேன். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு, "மொதல்ல தண்ணிய நிறுத்தலாம், வா" என்றார். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் ஓடினேன்.

கசிவு ஓட்டையாகிக்கொண்டிருந்தது. போடுகிற மண்ணைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. "முள்ளும் வைக்கோலும் வெச்சாத்தான் மண்ணு நிக்கும்" என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள். வைக்கோல் இருந்தது. அந்த மழையில் முள்ளுக்கு எங்கே போவது? அக்கா நேரே போய் மிட்டா வேலியைப் பிடுங்க ஆரம்பித்தார். காரியஸ்தர் குடையோடு, "அதைத் தொடாதே" என்று ஓடிவந்தார். காவல்காரர் அவரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு அவரும் அக்காவோடு சேர்ந்து பிடுங்கினார். எங்கள் கையெல்லாம் ரத்தம். வேலி முழுக்க ஓட்டைக்குள் போனது. மத்தியானத்துக்குள் தண்ணீர் நின்றது.

இனி வேலிப் பேச்சு எழாது என்று நினைத்தோம். மழை விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, புது முள்ளுக்கட்டுகள் வண்டியில் வந்து இறங்கின. நம்பவே முடியவில்லை. மனுஷர்களா இவர்கள்!

அன்று நான் வீடு வீடாகப் போனேன். மண் சுமந்த பெண்களை எல்லாம் கூப்பிட்டேன். சிலர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முன்னால் அக்கா. மதில் முனையில் ஆட்கள் வேலிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாரும் கத்தவில்லை, குழிகளைத் தாண்டி நடந்தோம். காரியஸ்தர் எதிரே வந்து, "ஆரும்மா இது, கூட்டமா?" என்றார்.

"நடக்க வந்தோமுங்க" என்றார் அக்கா. நிற்கவில்லை.

மறுநாளும் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். என் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் நாங்கள் திரும்பும்வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு வாரம் கழித்துக் குழிகளை மூடிவிட்டார்கள். அடுத்த கோடையில் கரைக்கு மண் போட நாங்கள்தானே வரவேண்டும்! அதற்குப் பிறகு அந்தப் பாதை அடைபடவில்லை. அக்கா தம் கால் ஓயும்வரை அதில் நடந்தார்.

ஆனால் என் கோபம் மட்டும் தீரவில்லை. சில வருஷம் கழித்து ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் இருந்த அம்மாள் எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டதும், "உங்க மிட்டாதாரு தங்கமான மனுசருன்னு சொல்லுவாங்க. பொம்பளைங்க நடக்கட்டும்னு அரமனைப் பக்கத்துல வழியே உட்டுக் குடுத்தாராமே" என்றார்.

"அவரு குடுக்கலீங்க. அது எங்க வழி" என்றேன்.

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. "எப்பிடியோ, பெரிய மனசுதான்" என்று பாயசத்தைக் குடித்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.