பஷீர் கடைத் தொட்டியில் தொங்கிய சிவப்பு அட்டை

ஜெகதீஸ்வரி கையில் சிவப்பு அட்டை இருந்தால் அவளை யாரும் அசைக்க முடியாது. மாக் மண்டின் தொழிற்சாலையில் பதினோரு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவள். சந்தேகமான சரக்கில் 'ஹோல்ட்' அட்டையை அவள் மாட்டிவிட்டால், மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அந்தப் பெட்டி நகராது.

பைராம் தோட்டத்தில் பிறந்த இந்தப் பெண், மூன்று வருடத்துக்கு முன் அந்த வேலையை உதறிவிட்டு, கடல்நீர் மீன்தொட்டிகளைப் பராமரிக்கும் தொழிலில் இறங்கினாள். திங்கள்தோறும் பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி, அக்கரையில் ஜார்ஜ் டவுனில் ஆறு இடங்களுக்குப் போவாள். பஷீரின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைதான் அவற்றில் முக்கியம். வாசலிலேயே ஆறடித் தொட்டி. அதைப் பார்த்துத்தான் மற்ற ஐந்து பேரும் அவளைக் கூப்பிட்டார்கள்.

அந்தத் தொட்டியில்தான் வெள்ளைப்புள்ளி நோய் புகுந்தது. உப்புத்தூள் தூவினாற்போல மீன்களின் உடம்பெல்லாம் புள்ளி. ஒரே வாரத்தில் ஒன்பது மீன் செத்தன. பிழைத்த மூன்றைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், தனித் தொட்டியில் விட்டு, செம்பு மருந்து கொடுத்தாள்.

"இந்தத் தொட்டி சும்மா கெடக்கணும் அண்ணே. எழுபத்தாறு நாளு. மணல்லயும் கல்லுலயும் கிருமி ஒட்டிக்கிட்டு இருக்கு. மீனே இல்லன்னா அதுவா பட்டினியில செத்துரும்."

"வாசல்ல வெறுந்தண்ணிய வச்சிக்கிட்டு நான் என்னம்மா சொல்றது? கட மூடப்போறான்னு நெனப்பாங்க லா."

"மீனெல்லாம் லீவுல போயிருக்குன்னு சொல்லுங்க."

பஷீர் சிரித்தார். ஆனால் தொட்டிக்கு மேலே சுவரில் இரண்டு திருகாணி ஏற்கெனவே முறுக்கியாகிவிட்டது. "இன்னொரு தடவ செத்துச்சுன்னா தொட்டியத் தூக்கிட்டு டிவி மாட்டிருவேன், தங்கச்சி." இந்தத் தொட்டி போனால் மற்ற ஐந்தும் பின்னாலேயே போகும், பிறகு மாக் மண்டின் கேட்டில்தான் போய் நிற்கவேண்டும் என்பது ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். பழைய பழக்கத்தில் இன்னும் பையில் வைத்திருந்த சிவப்பு அட்டைகளில் ஒன்றை எடுத்து, 'ஹோல்ட்' என்ற இடத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, கண்ணாடியில் தொங்கவிட்டாள். 'ரிலீஸ்' என்ற இடம் காலியாக இருந்தது.

ஆறு வாரம் கழிந்த திங்கள்கிழமை. வாளியோடு உள்ளே வந்தவள் நின்றுவிட்டாள். தொட்டிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோமாளி மீன் குஷியாக நீந்திக்கொண்டிருந்தது.

கறி அள்ளும் ஹைதருக்குத் திடீரென்று சட்டியைக் கிண்டும் வேலை வந்துவிட்டது. ஜெகதீஸ்வரி அட்டையைத் திருப்பினாள். 'ரிலீஸ்' என்ற இடத்தில் பஷீரின் கையெழுத்து. அதன்மேல் கடையின் ரப்பர் முத்திரையான சாப் வேறு, ஊதா மையில், பளிச்சென்று.

"அண்ணே, என்ன இது?"

"அந்த எடம் காலியா இருந்துச்சு. மொதலாளி நான்தானே, போன செவ்வாக்கெழம போட்டேன். சாப்பும் அடிச்சேன். முறைப்படிதாம்மா விட்டேன்."

ஹைதர் கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டான்.

"கிருமிக்கு உங்க சாப்பு படிக்கத் தெரியாது அண்ணே. இங்க வந்து பாருங்க."

பஷீர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். துடுப்பில் மூன்று வெள்ளைப் புள்ளி. அவர் முகம் சுருங்கிவிட்டது. "வாங்குன எடத்துலேர்ந்தே வந்திருக்குமோ?"

"இருக்கலாம். இங்கயே ஒட்டியிருக்கலாம். எதுவானாலும் கணக்கு ஒண்ணுதான்." புது அட்டையை எடுத்தாள். "பழசு செல்லாது. இன்னைக்கு மொத நாளு."

"திரும்ப எழுபத்தாறா?"

"டிவி மாட்டுறதுன்னா இன்னைக்கே மாட்டுங்க. மீனு வேணும்னா எழுபத்தாறு. குறைச்சுத் தரமாட்டேன்."

சொல்லிவிட்டாள். பேனாவைத் திறந்து அட்டையில் தேதி எழுதினாள். பஷீர் திருகாணிகளைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

"மாட்டும்மா" என்றார். "அட்டையத்தான் சொன்னேன்."

அதற்குப் பிறகு அந்தத் தொட்டிக்குக் காவலே அவர்தான். வாடிக்கையாளர் முஸ்தஃபா வெறும் தொட்டியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, நீல மீன் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தபோது பஷீர் போட்ட சத்தத்தில் கடையே அதிர்ந்தது. "ஹோல்ட்ல இருக்கு, கண்ணு தெரியல? வந்த மாதிரியே பையோட தாபாவ் கட்டிக்கிட்டுப் போ!"

பதினோரு வாரம் ஓடியது. வீட்டில் தேறிய மூன்று மீன்களும், அன்றே அவளோடு போய்த் தனி வாளியில் மருந்துக் குளியல் முடித்த கோமாளியும் ஃபெரியில் வந்து இறங்கின. தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பழக்கி, ஒவ்வொன்றாக விட்டாள். பஷீர் பேனாவோடு தயாராக நின்றார்.

"இருங்க, சாப்பிடட்டும்."

கோமாளி கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, ஓர் இறால் துணுக்கைக் கவ்வியது. ஜெகதீஸ்வரி முதலில் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே பஷீர் போட்டார். சாப்பின்மேல் வாயால் ஊதி, ஓங்கி ஒரு குத்து.

அந்த அட்டையை எங்கே மாட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். டிவிக்காக முறுக்கிய திருகாணி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.