நாலு எழுத்தில் வந்த அக்கா

இங்கே போர்ச்சுகலில், ஷூ தைத்துப் பிழைக்கும் இந்தச் சின்ன ஊரில், புயல் வருவதற்கு முன்னால் அரசாங்கம் எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. வாட்ஸப் இல்லை, வேறு ஆப்பும் இல்லை. பழைய காலத்து வெறும் எஸ்.எம்.எஸ். நான் வந்த முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படி ஒன்று வந்தது. அதில் எனக்குப் புரிந்தது முதல் சொல் மட்டும்: அவீசு. எச்சரிக்கை. அது போதாதா? பாஸ்போர்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, குக்கரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து ஓடினேன். ஏன் குக்கர் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. கீழே வீட்டுக்காரம்மா தோனா ஃபெர்னாந்தா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். பார்த்துவிட்டு நிதானமாக, “போய்ஷ், போய்ஷ்” என்றார். ஆம்பூர்க்காரன் காதில் அது எப்படி விழும்? போச்சு, போச்சு. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போய்ஷ் என்றால் இங்கே ‘ஆமாமாம்’ என்று அர்த்தமாம். அவரோ, குக்கரில் ஏதோ பலகாரம் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். உள்ளே இருந்தது முந்தின நாள் சாம்பார் சாதம். புயல் அன்று வரவே இல்லை.

என் பயம் ஊரறிந்த விஷயம். அதனாலேயே வீட்டில் யாரும் எனக்கு உண்மையைச் சொல்வதில்லை. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, எதைக் கேட்டாலும் “ஒண்ணும் இல்ல மச்சான், நீ பேஜார் ஆவாத” என்பார். குடும்பத்து வாட்ஸப் குழுவில் தினமும் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் மலைமலையாக வந்து குவியும். ஒருவருக்குக் காய்ச்சல் என்ற சேதிகூட வராது. நெஜத்தைச் சொல்கிறவள் அக்கா ஒருத்திதான். அவளிடம் வாட்ஸப் இல்லை.

அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் க்ளோசிங் செக்‌ஷனில் இருந்தாள். ஷூவின் மேல்தோலைச் சேர்த்துத் தைக்கிற இடம். வெளிநாட்டு டிசைன் வெளியே போய்விடும் என்று கேமரா போனை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே பட்டன் போன். சாப்பாட்டு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில், ஒரு கையில் சோற்றோடு, பெரிய ஆங்கில எழுத்துகளில் தமிழை அடித்து அனுப்புவாள். SAPTIYA. MOODU. POI THOONGU. எஸ்.எம்.எஸ். செத்துவிட்டது, இனி பாங்கும் விளம்பரமும்தான் அதில் வரும் என்று அறிவாளிகள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், என்னை மூடச் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லை எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

போன வருடம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். செக்‌ஷன் முழுவதையும் வாயாலேயே மேய்த்தவளுக்கு அன்றோடு குரல் போயிற்று. மாமாவின் போனில் வீடியோவில் வரச் சொன்னேன். MOONJI PAKATHA என்று பதில் வந்தது. ஆக அக்கா என்பது இனிமேல் எஸ்.எம்.எஸ். மட்டும்தான் என்று ஆனது.

இன்னொரு ஆபரேஷன் செய்ய முடியுமா என்று டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு சொல்வதாக இருந்தார்கள். எனக்கோ இங்கே தங்கும் அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. அது வருவதற்குள் வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். அக்காவுக்கு எழுதினேன்: வழி இருந்தால் டிசம்பரில் வருகிறேன், இல்லை என்றால் உடனே கிளம்புகிறேன், VAZHI IRUKKA? இரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கழிவறைக்கும் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் காலை இங்கே ஷூ கம்பெனியில் வேலையில் இருக்கும்போது வந்தது.

VALI IRUKKU.

வழி இருக்கு! மிஷினை நிறுத்திவிட்டுக் கத்தினேன். அவள் என்றைக்கு ழகரத்துக்கு இஸட்டும் ஹெச்சும் போட்டு எழுதினாள்? ஓடிப்போய் ஒரு டப்பா நிறைய ‘பஷ்டெல்’ என்னும் முட்டைப் பலகாரம் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். “என் அக்கா, நல்லது, ரொம்ப நல்லது” என்று எனக்குத் தெரிந்த போர்த்துக்கீசியத்தில் சொன்னேன். மேஸ்திரி ருயிக்கு என்ன புரிந்ததோ, “பராபென்ஷ்!” என்று கட்டிப்பிடித்தார். வாழ்த்துகளாம். என் பிறந்தநாள் என்று முடிவு செய்து, மொத்த செக்‌ஷனும் கை தட்டிப் பாடியது. நானும் கூடவே தட்டினேன். பிறகு அக்காவுக்குப் பதில் போட்டேன்: SUPER. ROMBA SANTHOSHAM. ENJOY. அன்று சாயங்காலமே, எதற்கும் இருக்கட்டும் என்று முன்பதிவு செய்து வைத்திருந்த விமான டிக்கெட்டை ரத்து செய்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகப் பதறாமல் ஒரு முடிவு எடுத்தோம் என்று பெருமையாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து மாமா கூப்பிட்டார்.

“இன்னா மச்சான், நல்லாக்கிறியா?”

“நல்லாருக்கேன் மாமா. ஆபரேஷன் எப்ப?”

“இன்னா ஆபரேஷன்? அதான் ஒண்ணும் பண்ண முடியாதுன்ட்டாங்களே. உனக்கு அவளே மெசேஜ் போட்டாளே, வலி இருக்குதுன்னு.”

அவர் பேசிக்கொண்டே போனார்.

“நீ கூட சூப்பர்னு போட்ட. என்ஜாய்னு போட்ட. எனக்கு அன்னிக்கு உன்ன வெட்டிப் போடலாம்னு இருந்துச்சுப்பா. அவ இன்னாடான்னா அத்த நர்ஸுங்களுக்கெல்லாம் காட்டிக் காட்டி சிரிக்கிறா. சிரிச்சா இருமல். இருமினா குழாயில ரத்தம். நர்ஸம்மா போனப் புடுங்கி வெச்சுட்டாங்க.”

“ஏன் மாமா அப்பவே சொல்லல?”

“நீ பயந்துக்குவியேன்னுதான்.”

போனை வைத்த பிறகு VALI என்ற அந்த நாலு எழுத்தை வெகுநேரம் பார்த்தேன். வாட்ஸப்பாக இருந்திருந்தால் அழுகிற மூஞ்சி ஒன்றைப் பக்கத்தில் ஒட்டியிருப்பாள், நானும் பிழைத்திருப்பேன் என்று எஸ்.எம்.எஸ்ஸைத் திட்டினேன். அது அபாண்டம். எங்கள் பக்கத்தில் பழம் என்பது பயம், கோழி என்பது கோயி. அக்கா பிறந்ததிலிருந்து வழியை ‘வயி’ என்றுதான் சொன்னாள். காதில் விழுவதைத்தான் எழுதுவாள். வழி இருந்திருந்தால் VAYI என்று வந்திருக்கும். இது ஆம்பூரில் ஆட்டோ ஓட்டுபவருக்குக்கூடத் தெரியும். இஸட்டும் ஹெச்சும் போட்டு எழுதக் கற்றுக்கொண்டு, அக்கா எப்படிப் பேசுவாள் என்பதை மறந்துபோன ஒரு துரை மட்டும்தான் அதைத் தப்பாகப் படிக்க முடியும். படித்துவிட்டுப் பலகார டப்பா வாங்க ஓடினான்.

அட்டை வந்தால் வரட்டும் என்று கிளம்பினேன். வேலூரில் வார்டுக்குள் நுழைந்தபோது, கட்டிலில் பாதி அக்காதான் இருந்தாள். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் வழக்கம்போல ஒரே மூச்சில் “எப்ப வந்த, எப்ப போற” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் கட்டை விரலை உயர்த்தினாள். சூப்பர் என்று அர்த்தம். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து பட்டன் போனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அனுப்பினாள்.

என் போனில் ஒன்றும் வரவில்லை. என்னிடம் இருப்பது போர்ச்சுகல் நம்பர். ஊர் நம்பர், ரீசார்ஜ் போடாமல் விட்டு, செத்து வருடக்கணக்காகிறது. கட்டிலிலிருந்து கிளம்பிய சேதி கடல் தாண்டி, நான் இல்லாத ஊருக்குப் போய் என்னைத் தேடிவிட்டு, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் என்னிடம் திரும்பி வர வேண்டும். “காயிதத்துல எழுதேன்கா” என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். காத்திருந்தோம். வந்தது.

EPPO PORA.

எப்போ போற என்றும் படிக்கலாம். எப்போ போறா என்றும் படிக்கலாம்; அவள் காதுபடவே அந்த வார்டில் சொந்தங்கள் கிசுகிசுத்த கேள்வி அதுதான். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த முறை எப்படிப் படிக்கிறான் பார்க்கலாம் என்கிற மாதிரி. எனக்கு வாய் இருந்தது, குரல் இருந்தது. ஆனாலும் நானும் போனைத்தான் எடுத்தேன். திரும்பிப் போகும் டிக்கெட் அடுத்த வியாழக்கிழமைக்குச் சட்டைப்பையில் இருந்தது. POGALA என்று அடித்து அனுப்பினேன். என் பொய் போர்ச்சுகல் வரைக்கும் போய்விட்டு வரட்டும் என்று, இரண்டு பேரும் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.