ஸிக்மஸ் தரை துடைத்த கொடி

காவ்னஸ் நகரத்தில் முப்பத்தொரு வருடம் டிராலி பஸ் ஓட்டிய ஸிக்மஸ் ஒரு தடவைகூடச் சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. காவல்துறையில் அவர் பேரில் ஒரு காகிதம் கிடையாது. இந்தக் காவல்துறையில் என்று சேர்த்துக்கொள்ளவும். முந்தைய சோவியத் ஆட்சியின் காவல்துறையில் இரண்டு வயதிலேயே அவருக்கென்று தனிக் கோப்பு இருந்தது. 1948 மே மாதம், இன்னும் பால்குடி மறக்காத அந்த மக்கள் விரோதியை அப்பா, அம்மா, ஐந்து வயது அக்கா லியுத்விகா ஆகியோரோடு சரக்கு ரயிலில் ஏற்றி லிதுவேனியாவிலிருந்து சைபீரியாவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

திரும்பி வந்தபோது அவருக்குப் பதினொரு வயது. லியுத்விகா வரவில்லை. மரம் வெட்டும் முகாமில் முதல் குளிர்காலத்தையே அவள் தாண்டவில்லை. முகாம் அலுவலகத்தின் கூரையில் ஒரு சிவப்புக் கொடி பறக்கும். சுத்தியல், அரிவாள் எல்லாம் போட்டது. 'நான் ஓடிப்போகவில்லை' என்று அப்பா மாதம் இரண்டு தடவை அதன் கீழே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்.

லியுத்விகாவுக்குக் கல்லறை இல்லை. புகைப்படமும் இல்லை. வருடத்தில் ஒரு நாள், நாடு கடத்தப்பட்டவர்களின் நினைவு நாளான ஜூன் பதினான்காம் தேதி, திரும்பி வராதவர்களின் பெயர்களைக் காவ்னஸ் ரயில் நிலையத்தில் மேடை போட்டு வாசிப்பார்கள். ஸிக்மஸுக்கு ஒரு தாள் தருவார்கள். அதில் நாற்பது பேர். அந்த நாற்பதில் ஒருத்தி லியுத்விகா. வருடம் முழுவதும் சேர்த்து அவளுக்கு இந்த பூமியில் இரண்டு விநாடி இடம். அதைத் தன் வாயால் கொடுப்பது ஒன்றுதான் தம்பி செய்ய முடிந்தது.

2019 ஏப்ரலில் அயர்லாந்திலிருந்து மகள் யொலிதா, ஊருக்கு வந்துபோகும் வேனில் பார்சல் அனுப்பினாள். அவள் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். விற்காமல் தங்கியதை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். ஸிக்மஸின் மனைவி எல்வீரா மூட்டையைப் பிரித்தாள். காலுறை, துண்டு, ஒரு ஸ்வெட்டர். அதற்கும் அடியில் இரத்தச் சிவப்பில் ஒரு டீஷர்ட். நெஞ்சில் தங்க நிறத்தில் சுத்தியல், அரிவாள், கீழே நாலு எழுத்து.

ஸிக்மஸ் மகளுக்குப் போன் போட்டார்.

"என்னம்மா அனுப்பியிருக்க?"

"ஐயோ, அது உள்ள வந்துடுச்சா? பாக்காம அள்ளிப் போட்டேன்ப்பா. இங்க அதைக் கொடின்னு யாரும் பாக்கறதில்ல. சும்மா ஒரு லோகோ."

"லோகோன்னா?"

"கம்பெனி அடையாளம்ப்பா. சுறா மீன் போட்டது ஒண்ணு, பனைமரம் போட்டது ஒண்ணு, அதுக்கு நடுவுல இது தொங்கும். காலேஜ் பசங்க வாங்குவாங்க. சீ சீ சீ பீ-ன்னு கேப்பாங்க."

நம் காதுக்கு அது எப்படிக் கேட்கிறதோ, அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியாது.

"என்ன கம்பெனிம்மா அது?"

"இப்ப இல்லாத கம்பெனி."

"எங்களை ரயில்ல ஏத்துன கம்பெனி. சரி, ஜெர்மன்காரனோட அந்த வளைஞ்ச சிலுவை போட்டதும் கடையில இருக்கா?"

"அப்பா! அதை மாட்டினா கடையையே கொளுத்திடுவாங்க."

"அப்ப நம்ம ஆளுங்க செத்ததுக்கு மட்டும் தள்ளுபடியா?"

பாவம், அவள் என்ன செய்வாள்? தொங்கவிடுவதும் மடித்துவைப்பதும்தான் அவள் வேலை.

சட்டையை அடுப்பில் போடு என்றார் ஸிக்மஸ். எல்வீரா விடவில்லை. "நல்ல பருத்தி, கிழவா. தண்ணி உறிஞ்சும். தரை துடைக்க ஆகும்." கேட்டதும் ஸிக்மஸின் முகம் மலர்ந்தது. அவர்கள் வீட்டில் தரை துடைக்கும் கோல், குறுக்குச் சட்டம் வைத்த பழைய மாதிரி. சட்டையைக் கிழிக்காமல் இரண்டு கையையும் சட்டத்தில் மாட்டிவிடலாம். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும், எழுபத்துமூன்று வயதில், கேட்காமலே தரை துடைக்க ஆரம்பித்தார். கழிப்பறையை மட்டும் இரண்டு தடவை துடைப்பார்.

"இவ்வளவு நாளா எங்கடா போச்சு இந்தச் சுறுசுறுப்பு?" என்பாள் எல்வீரா.

துடைத்ததும் துணியை அலசிப் பால்கனியில் காயப்போடுவார்கள். யாரும் செய்கிற காரியம்தான். ஆனால் இந்த நாட்டில் அந்தக் கொடியையோ சின்னத்தையோ பலர் கண்ணில் படும்படி வைப்பது குற்றம். அந்தச் சட்டம் வந்தபோது முதலில் கைதட்டியவர்களில் ஸிக்மஸும் ஒருவர்.

ஜூன் முதல் வாரம் ஸ்கைஸ்தே என்ற இளம் பெண் போலீஸ் வந்து கதவைத் தட்டினாள். எதிர்க் கட்டடத்திலிருந்து யாரோ படம் எடுத்துப் புகார் அனுப்பியிருந்தார்கள். யார் என்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. ஸிக்மஸ் எட்டிப் பார்த்தார். எதிரே எழுபத்திரண்டு ஜன்னல். எல்லாவற்றிலும் செடி, எல்லாம் சாது.

"ஐயா, இது உங்களுதுதானா?"

"எங்க வீட்டுத் தரைத் துணிம்மா."

"வாஸ்தவம் ஐயா. ஆனா தரைத் துணின்னு தனியா ஒரு கட்டம் படிவத்துல இல்ல. காட்சிக்கு வெச்சது, விநியோகம் செஞ்சது, ரெண்டுதான் இருக்கு."

எல்வீரா பீட்ரூட் குளிர் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிட்டுக்கிட்டே எழுதும்மா. இந்த மனுஷன் சைபீரியாவுல வளர்ந்தவரு. அத்தாட்சி இருக்கு, எடுத்துட்டு வரட்டா?"

"வேணாம்மா, நம்பறேன். எனக்கே கஷ்டமா இருக்கு. புகார்னு வந்துட்டா நான் எதையாவது எழுதித்தான் ஆகணும்." அவள் எழுதிக்கொண்டே போனாள். "ஒரு சிவப்புச் சட்டை... வேலைக் கருவிகள் ரெண்டு... எழுத்து நாலு. த்ஸே, த்ஸே, த்ஸே, பே. சரிதானே ஐயா?"

ஸ்கைஸ்தே பிறந்தது 1996-இல். பள்ளியில் ரஷ்யன் படிக்கவில்லை; கண்ட எழுத்தை லிதுவேனிய எழுத்தாகவே வாசித்தாள். ஸிக்மஸ் படித்தது ரஷ்யன் பள்ளியில். தப்பாகப் படித்தால் புறங்கையில் அளவுகோலால் போடுவார்கள். அந்தக் கை இன்னும் மறக்கவில்லை.

"த்ஸே இல்லம்மா. அது ரஷ்ய எழுத்து. எஸ், எஸ், எஸ், எர். சோவியத் சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம். மேல இருக்கறது வேலைக் கருவி இல்ல, அரசுச் சின்னம்."

பேனா நின்றது. அந்தப் பெண் அவரையே பார்த்தாள். "ஐயா, நான் அப்படியே விட்டிருப்பேனே. ஏதோ கம்பெனி பேருன்னு மேலதிகாரிங்க கோப்பை மூடியிருப்பாங்க."

"அப்ப அப்படியே விடும்மா."

"இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சே ஐயா."

த்ஸே, த்ஸே, த்ஸே, பேயை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஸிக்மஸ் கையெழுத்துப் போட்டார். அவள் போன பிறகு எல்வீரா சூப்புக் கிண்ணத்தை எடுத்தபடி சொன்னாள்: "வாத்தியார் செத்து நாப்பது வருஷமாச்சு. இன்னும் அவருக்குப் பாடம் ஒப்பிச்சுக்கிட்டு இருக்க."

இரண்டு நாளில் படம் ஒரு செய்தித் தளத்தில் வந்தது. குடியிருப்பில் சோவியத் கொடி என்று தலைப்பு. கீழே வாசகர்கள் பொங்கியிருந்தார்கள். 'அவ்வளவு ஆசையா இருந்தா சைபீரியாவுக்கே அனுப்பிடுங்க' என்று ஒருவர். அதற்கு நூற்றுப் பதினாலு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

"போன தடவை டிக்கெட்டு இலவசம்," என்றாள் எல்வீரா. ஸிக்மஸ் சிரிக்கவில்லை.

மாலை, நாடு கடத்தப்பட்டோர் சங்கத் தலைவி தியோதோராவின் போன் வந்தது.

"ஸிக்மஸ், எனக்கு உங்களைத் தெரியாதா? உங்க அப்பாவையும் தெரியும். ஆனா பதினாலாம் தேதி டிவிக்காரங்க வர்றாங்க. உங்களை மேடையில பாத்தா அந்தப் படத்தையும் சேர்த்துப் போடுவாங்க. சங்கத்துக்கே அசிங்கம். இந்த ஒரு வருஷம் மட்டும் கீழ நில்லுங்க."

"என் தாளை யார் வாசிப்பா?"

"ஒரு நாடக நடிகர். அருமையான குரல்."

"அதுல எங்கக்கா இருக்கா."

"அவர் நல்லாவே வாசிப்பார், ஸிக்மஸ்."

என்ன சொல்ல முடியும்? கத்தலாம். யாரைப் பார்த்து? தியோதோரா சொன்னதில் தப்பில்லை, போலீஸ்காரி செய்ததில் தப்பில்லை, சட்டம் அவரே கைதட்டி வரவேற்றது. மகள் பார்க்காமல் போட்டாள். அயர்லாந்துப் பிள்ளைகளுக்கோ சுறா மீனுக்கும் பனைமரத்துக்கும் நடுவில் நல்ல சிவப்பு.

பதினான்காம் தேதி ஸிக்மஸும் எல்வீராவும் கூட்டத்தில் ஏழாவது வரிசையில் நின்றார்கள். நடிகர் ஏறினார். உண்மையிலேயே அருமையான குரல். பிசிறில்லாமல், ஒரே சீராக, பெயர் பெயராக இறங்கிவந்தார். ஸிக்மஸுக்குத் தாள் மனப்பாடம். இருபத்தாறு, இருபத்தேழு. இருபத்தெட்டு லியுத்விகா.

அந்த நேரத்தில்தான் வில்னியஸ் ரயிலுக்கு அறிவிப்பு வரும். வருடாவருடம் ஸிக்மஸ் இருபத்தேழில் விரலை வைத்து நிறுத்திக்கொள்வார். ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகுதான் இருபத்தெட்டு. இது தாளில் எழுதியிருக்கவில்லை. நடிகர் நிறுத்தவில்லை. இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படும் ரயில் என்று நிலையம் முழுக்க ஒரு பெண் குரல் அதிர்ந்தது. மேடையில் நடிகரின் உதடு மட்டும் அசைந்தது.

"கேட்டுச்சா?" என்றாள் எல்வீரா.

"இல்ல."

"நீ சொல்லேன். இங்க நின்னே சொல்லு. யாரு தடுக்கறா?"

ஸிக்மஸ் வாயைத் திறந்தார். அதற்குள் ஒலிபெருக்கி ஓய்ந்து, நடிகர் இருபத்தொன்பதாவது பெயருக்குப் போயிருந்தார். யாரோ ஒரு ஸ்தானிஸ்லொவாஸ், மூன்று வயது. அவனுக்கும் இரண்டு விநாடிதான். ஸிக்மஸ் வாயை மூடிக்கொண்டார்.