கெட்டவன் முகத்தில் என் சித்தப்பா

முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கம் டூரிங் டாக்கீஸ் போட்டிருந்த வருஷம், பொழுது சாய்ந்ததும் அங்கிருந்து காற்றில் வரும் ஒரு சிரிப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தொண்டைக்குள்ளேயே கரகரவென்று உருண்டு, பாதி மூக்கு வழியாகவும் பாதி வாய் வழியாகவும் வெளியே வரும் சிரிப்பு. அதைக் கேட்டதும் எங்கள் வரதராசன்பேட்டைத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவோம். சிரித்தவர் அந்தக் காலத்து வில்லன் நடிகர். பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வயதான பிறகு நானும் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பது வேறு விஷயம். எங்களுக்கு அப்போது அவர் பெயர் "கெட்டவன்", அவ்வளவுதான். "கொட்டாயில்" மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் சனங்கள், திரையில் புதிதாக யார் வந்தாலும் "இவன் நல்லவனா, கெட்டவனா?" என்று கேட்பார்கள். அவர் வந்தால் மட்டும் கேட்க மாட்டார்கள். "வந்துட்டான்டி, ஓடுடி!" என்று கதாநாயகியைப் பார்த்துக் கத்துவார்கள்.

என் அம்மாவின் தங்கை, சின்னம்மா, என்னை ஒரு படத்துக்குக் கூட்டிப்போனாள். அதில் கெட்டவன் தன் மனைவியிடம் தேன் ஒழுகப் பேசுவான். "வா, மேல போயி காத்து வாங்கலாம்" என்று மலை உச்சிக்கு அழைத்துப் போவான். சிரிப்பான். அடுத்த நொடி அவள் புடவை மட்டும் காற்றில் பறக்கும். நான் சின்னம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன், அவளோ முறுக்கு தின்றுகொண்டே, "சும்மா நடிப்புடி, அவ எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருப்பா" என்றாள். எனக்கு மூன்று நாள் காய்ச்சல்.

அந்தக் காய்ச்சல் விட்ட மாதத்தில்தான் சின்னம்மாவைப் பெண் பார்க்க வேப்பந்தட்டையிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு அவர் நிமிர்ந்ததும் எனக்கு மூச்சு நின்றுபோயிற்று. அதே மேலேறிய புருவம், அதே மெல்லிசு மீசை, அதே ஒட்டிய கன்னம். கெட்டவன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்! எனக்கு மட்டும் தோன்றியதல்ல, பெரியவர்களே "அச்சு அசல் அந்தாளுதான்" என்று அடுப்படியில் குசுகுசுத்தார்கள். நான் அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். "வாய மூடுடி, மாப்ள காதுல வுழுந்துறப் போவுது" என்று என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. ஏலாக்குறிச்சி மாதாவிடம் போய் இந்தக் கல்யாணம் நின்றுபோக வேண்டும் என்று மண்டியிட்டுக் கேட்டேன். மாதா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கல்யாணம் ஜோராக நடந்தது. வாத்தியார் என்பதால் சின்னம்மா புருஷனை "எங்க சாரு" என்றே சொல்ல ஆரம்பித்தாள்.

கோடை விடுமுறைக்கு என்னை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்னம்மாவைக் காவல் காக்கத்தான் போகிறேன் என்று எனக்குள் நினைப்பு. சித்தப்பாவோ அக்கம்பக்கத்தார் கேட்டால் அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டுவார். நான் சின்னம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். ஒருநாள் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பஸ்ஸில் போனோம். கீழ்ச்சுவரருகே கட்டுச்சோற்றைத் தின்று முடித்ததும் சித்தப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "வா, மேல போயி காத்து வாங்கலாம்."

ஐயோ, நான் கத்திய கத்தலில் ஆடு மேய்த்தவர்கள் ஓடி வந்தார்கள். "போவாத சின்னம்மா, தள்ளி வுட்டுருவாரு!" என்று அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். "அடியே, இவரு ஒஞ் சித்தப்பாடி! எம் மொகத்த மறந்தாலும் மறப்பேன், இவரு மொகம் எனக்குக் கெட்டவன் மொகமாத் தெரியவே தெரியாது, போ" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். நான் கீழே நின்று அந்தச் சுவர் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். புடவை பறக்கும், இதோ இப்போது பறக்கும் என்று காத்திருந்த அந்த நேரத்தைப் போல ஒரு பயத்தை நான் பிரசவத்தின்போதுகூடப் பட்டதில்லை. கடைசியில் சின்னம்மாதான் சித்தப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தாள். அவருக்கு உயரம் என்றாலே தலை சுற்றுமாம்.

அதன் பிறகு மெல்ல மெல்லப் பயம் போய்விட்டது. சித்தப்பாவின் முகம் சித்தப்பாவின் முகமாக ஆகிவிட்டது. வயதான பிறகு அவர்கள் பெரம்பலூருக்கே வந்துவிட்டார்கள், நானும் அங்கேதான் இருக்கிறேன். அங்கே பழைய நடிகர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் "ஞாயித்துக்கெழம ஜமா" ஒன்று எங்களுக்கு உண்டு. வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய லெப்பைக்குடிகாட்டு பாய் ஒருவரின் கடை மாடியில் கூடுவோம். நடிகர் படத்தை மறைத்துப் புருவம் மட்டும் தெரியக் காட்டி யாரென்று கேட்பார் பாய். யாராவது முன்னாலேயே சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்வார். கூட்டம் கலையும்போது சித்தப்பாவை அந்தச் சிரிப்பைச் சிரிக்கச் சொல்வோம். அவரும் பெருமையோடு சிரிப்பார்.

போன வருஷம் சின்னம்மாவுக்கு நினைவு தவற ஆரம்பித்தது. பழைய ஞாபகங்களைக் கிளறிவிடுங்கள் என்றார் டாக்டர். மற்றவர்களாக இருந்தால் கல்யாண ஆல்பத்தைக் காட்டியிருப்பார்கள். எங்களைப் போல் சினிமாப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத்தான் அந்தப் புத்தி வரும். அவள் வயதுப் பெண்ணாக இருந்தபோது என்னைக் கூட்டிப்போன அந்தப் படத்தையே டிவியில் போட்டோம். "இன்ஷா அல்லா, வாத்தியார் வூட்டம்மா பாட்டே பாடப் போறாங்க பாருங்க" என்றார் பாய். உண்மையாகவே பாடினாள். ஒரு சொல் பிசகாமல் கூடவே பாடினாள். எங்கள் எல்லார் கண்ணிலும் தண்ணீர். அப்புறம் மலை உச்சி வந்தது, சிரிப்பு வந்தது. சின்னம்மா மிரண்டுபோய்த் திரும்பினாள். பக்கத்தில் கஞ்சி டம்ளரோடு அதே முகம்.

"கெட்டவன்! கெட்டவன்!" என்று அவள் போட்ட கூச்சல் அந்தத் தெருவுக்கே கேட்டது. அன்றிலிருந்து அவரைக் கண்டாலே சுவரோடு ஒண்டிக்கொள்கிறாள். அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்குவதில்லை. சித்தப்பா மீசையை மழித்துப் பார்த்தார், கண்ணாடி போட்டுப் பார்த்தார், தொப்பி வைத்துப் பார்த்தார். அந்தப் புருவத்தை என்ன செய்வது? பிள்ளைகள் சென்னையில், நான்தான் வேளைக்கு வேளை போய் ஊட்டுகிறேன். எனக்கும் முடியாமல் போனால் என்ன ஆவது?

கொட்டாய் இருந்த இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். தோப்பில் பாதி போய்விட்டது. அந்த நடிகரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், முகத்தை மட்டும் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு.

போன வாரம் மத்தியானம் ஊட்டிக்கொண்டிருந்தேன். சின்னம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அவன் இந்த வூட்டுக்குள்ளதாண்டி இருக்கான். எங்க சாரு பள்ளிக்கூடத்துலேருந்து வர்ற வரைக்கும் போயிறாதடி" என்றாள். கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "நான் வந்துட்டேன்மா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "வந்துட்டீங்களா? அவன் போயிட்டானா பாருங்க" என்றாள். "போயிட்டான்மா, நீ சாப்புடு" என்றார். அவள் வாயைத் திறந்து ஒரு வாய் வாங்கினாள்.

நான் தட்டோடு எழுந்து போய், "உள்ள வாங்க சித்தப்பா, இப்ப நல்லா இருக்காங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

"நான் உள்ள வந்தா அவன் வந்துருவான்மா. நீ போயி ஊட்டு. நான் இங்கேருந்தே பேசிக்கிறேன்."