இலையின் சூடு பார்த்தவர்

தேயிலை விலை விழுந்துகிடந்த நாட்களில், குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு ஃபேக்டரி வாசலில் அவரைப் பார்த்தேன். என்னைப் போல அவரும் பச்சை இலை மூட்டைகளோடு கேட் திறக்கக் காத்திருந்தார். சாயம் போன ஸ்வெட்டரின் வலது கையை மட்டும் முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். அடிக்கடி அந்தக் கையை மூட்டைக்குள் விட்டுச் சூடு பார்ப்பார். சூடேறிச் சிவந்த இலையை ஃபேக்டரி எடுக்காது.

“பறிச்ச இலை எப்படிங்க தம்பி கொதிக்குது? உள்ள அடுப்பா வச்சிருக்கு?”

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். படித்ததைச் சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

“இலைக்கு இன்னும் உசுரு இருக்குதுங்கண்ணா, மூச்சு விடுது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத சக்கரங்க சுத்தி, சர்க்கரையோட சக்தியை உசுருக்கு ஆகுற மாதிரி மாத்துது. சக்கரம் அனேகமா எதையும் வீணாக்காது. வழியில மத்த இடத்துல நழுவுற சக்திதான் இந்தச் சூடு.”

“கரண்டு இல்லாமயா?”

“இல்லாமத்தாங்க.”

“ஃபேக்டரிக்காரருக்குத் தெரிஞ்சிராமப் பாத்துக்கங்க. மெசினை வித்துப்போட்டு இலையையே வேலைக்கு வச்சுருவாரு.”

சாயங்காலம் கணக்கர் வெளியே வந்து, இன்றைக்கு இலை வேண்டாம் என்றார். காத்திருந்த எல்லோரும் மூட்டைகளை ரோட்டோரப் பள்ளத்தில் குவியலாகக் கவிழ்த்தோம். அவர் மட்டும் தம் இலையைப் புல்மேல் கொட்டி, இரண்டு கையாலும் மெல்லிசாகப் பரப்பினார்.

“எப்படியும் வீணாப் போறதுதானேங்கண்ணா?”

“போகட்டுங்க. உள்ள சுத்தறது, சுத்துற வரைக்கும் காத்தோட்டமா சுத்தட்டும்.”

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். மடியில் இருந்த காலிச் சாக்குக்குள் அந்தக் கை மறுபடியும் சூடு பார்க்கப் போனது.