டாக்டரம்மாவின் இரண்டாவது கட்டுரை

டாக்டரம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்றதும் மகள்தான் அழுதாள்; டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. காலமெல்லாம் ஊரார் பித்தப்பையை அறுத்தெடுத்தே பிழைத்தவருக்கு அந்த வியாதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால், அறுவை செய்யப்போகிற இளம் டாக்டர் கட்டிலருகே வந்து பயபக்தியோடு சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"கவலைப்படாதீங்க மேடம். உங்க கட்டுரைல இருக்கிற மாதிரியே ஒரு வாரம் குழாய் வச்சிருவோம்."

அந்தக் கட்டுரை! பித்தப்பையை எடுத்தபின் வயிற்றில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, உள்ளே கசிவது வெளியே வடியும்படி ஒரு வாரம் விட்டுவைப்பது நல்லது என்று இளவயதில் அவர் எழுதியது. சாப்பாட்டு மேசையில் இரவல் தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, இரண்டே விரலால் அதை அடித்துக்கொடுத்தவர் அவர் கணவர், கணக்கு வாத்தியார். பக்கத்தின் கடைசி வரியில் பிழை வந்தால் வீட்டில் போர் மூளும். அச்சானதும், பிரதி கேட்டு எங்கெங்கிருந்தோ அஞ்சலட்டைகள் வந்தன. மகள் அவற்றைக் கெண்டி ஆவியில் காட்டித் தபால்தலைகளை உரித்தாள். கட்டுரை பாடப்புத்தகத்தில் ஏறியது, பரீட்சையில் கேள்வியானது. எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அந்த மேசையும் அந்த டக்டக் சத்தமும் இப்போதும் அவர் நினைவைவிட்டுப் போகவில்லை.

பிறகு ஒரு மாதம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் குழாய் தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் நோயாளிகளைக் குழாய் வைக்காமலே தைத்து அனுப்பினார். அவர்களோ மற்றவர்களுக்கு முன்பே எழுந்து நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். குழாய் வைத்தவர்களுக்குத்தான் காய்ச்சலும் சீழும். டாக்டரம்மா இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, இரண்டாவது கட்டுரையை எழுதினார்: நான் முன்பு சொன்னது தவறு, கசிவைக் கண்ணால் கண்டால் மட்டும் குழாய் வையுங்கள், அதையும் மறுநாளே எடுத்துவிடுங்கள்.

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே என்று கூட வேலை பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு சின்ன இதழ் போனால் போகிறதென்று கடைசிப் பக்கங்களில் போட்டது. ஒரு அஞ்சலட்டைகூட வரவில்லை. டாக்டரம்மாவைவிட வாத்தியார்தான் தபால்காரரை வாசலில் நின்று எதிர்பார்த்தார்.

"விடு. எழுதினவ நீ, அடிச்சவன் நான். ரெண்டு பேர் படிச்சாச்சு. மூணாவது ஆள் வராமலா போயிடுவான்?" என்றார். அந்த ஆள் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

இப்போது அந்த முதல் கட்டுரை, வட்டமிட்டுக் கடைசியில் அவர் வயிற்றுக்கே வந்து நிற்கிறது. அது தப்பு, நானே மறுத்து எழுதியிருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். இளம் டாக்டர், வயதானவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார். அதைப் படித்துத்தான் நாங்களெல்லாம் பாஸானோம் என்றார். இளவயதில் இருந்த தன்னோடு வாதாடித் தானே தோற்பதைப்போல எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை. டாக்டரம்மா இதழின் பெயரையும் வருடத்தையும் சொன்னார்.

"தேடிப் படிங்க. அப்புறம் கத்தியைத் தொடுங்க."

அறுவை முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவர் கை தானாக வலது விலாவுக்குப் போனது. குழாய் இருந்தது. கண்ணீர் பொங்கிவிட்டது. ஒரு வயிற்றில் ஓட்டை விழுந்தது பெரிதில்லை. எத்தனை வருடமாக, எத்தனை பேர் வயிற்றில்? இதைச் சொல்லத்தானே அவ்வளவு பாடுபட்டார்!

மகள் பதறிப்போய் இளம் டாக்டரை அழைத்துவந்தாள்.

"படிச்சேன் மேடம்," என்றார் அவர். "லைப்ரரில அந்த இதழ் பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. குழாய் வேண்டாம்னுதான் ஆரம்பிச்சேன். ஆனா ஈரல் பக்கம் லேசா கசிஞ்சுது. கண்ணால பார்த்தா மட்டும் வைன்னு எழுதியிருந்தீங்க. பார்த்தேன், வச்சேன். நாளைக்குக் காலைல எடுத்துடறேன். இன்னிக்கு மத்தவங்க யாருக்கும் வைக்கல."

டாக்டரம்மா குழாயின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. வலிக்கிறதா என்று மகள் குனிந்து கேட்டாள்.

"இல்லடி. உங்கப்பா இருந்திருக்கணும். மூணாவது ஆள் வந்துட்டார்."