வராத நாள்களின் பட்டியல்

வேலைக்கு வந்தபின் என்னை மிக அதிகமாகக் கோபப்படுத்திய காகிதம், நீல மையில் பதினோரு டிக் போட்ட ஒரு தாள். காலையில் அந்தக் கட்டங்களைக் காலியாக அச்சடித்துக் கொடுத்தவள் நான். மாலைக்குள் நிரப்பி வைத்தவர் இன்சார்ஜ் அக்கா.

தாராவியில் ஓர் அறக்கட்டளையின் காசநோய் மாத்திரை மையம். அங்கே கணினிப் பதிவுகளைப் பார்ப்பது என் முதல் வேலை. நோயாளிகள் தினமும் வந்து எங்கள் கண்முன் மாத்திரை விழுங்க வேண்டும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் பிறகு மருந்துக்கு நோய் அடங்காது. ஒருவர் வந்தால் கணினியில் ஒரு வரி ஏறும். வராவிட்டால் எதுவும் ஏறாது. சிக்கலே அதுதான். வராத நாள் எங்குமே பதிவாகாததால், மாத அறிக்கையில் எல்லோரும் ஒழுங்கானவர்களாகவே தெரிந்தார்கள். ஆகவே தேதிகளை நானே உண்டாக்கினேன். முதல் தேதியில் தொடங்கு, ஒரு நாள் கூட்டு, மாதக் கடைசியில் நில் என்று, கணினிப் பதிவுகளைக் கேட்டு எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியில் ஆறு வரி. முதல் முறை ‘நில்’ என்பதை எழுத மறந்து, தேதிகள் அடுத்த நூற்றாண்டை நோக்கி ஓடின. சரிசெய்து, அந்தப் பட்டியலோடு வருகைப் பதிவை இணைத்ததும் ஓட்டைகள் தெரிந்தன. ஒரு தோல் பட்டறைக்காரருக்குத் தொடர்ந்து பதினோரு நாள் காலி.

நாளுக்கொரு கட்டமாக நான் அச்சடித்துக் கொடுத்த தாளில், அந்தப் பதினோரு காலிக் கட்டங்களில்தான் அக்கா டிக் போட்டிருந்தார்.

“ஏன்க்கா போட்டீங்க?”

“காலியா கெடந்துச்சுல்லா. நல்ல மனுசன், வீட்டுல வச்சுத் தின்னுருப்பாரு.”

“வீட்டுக்கு மாத்திரை குடுத்தீங்களா?”

“நான் எங்க குடுத்தேன்? நெரப்பக் கூடாதுன்னா எதுக்குட்டி கட்டம் போட்ட?”

கத்திவிடுவேன் என்று பயந்து, தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்குப் போனேன். இப்போது தாணேயில் பெரிய அலுவலகத்தில் இருக்கிறேன். தேதி அட்டவணை எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது, கூடவே எரிச்சலும். ஏனென்றால் அது நியாயமான கேள்வி.

அந்த டிக்குகளைப் பார்த்த மறுநாள், கணினியிடம் கேட்கும் கேள்வியைத் திருப்பி எழுதினேன். வந்த நாள்களே வேண்டாம். பெயர், சந்து, வராத தேதிகள், அவ்வளவுதான். கட்டமே இல்லாத தாள். அக்கா பேனாவோடு அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒரு மணி நேரத்தில் பட்டறைக்காரரைக் கையோடு அழைத்து வந்தார். ஆள் மெலிந்திருந்தார், இருமல் திரும்பியிருந்தது.

“ரெண்டு நாள் வேலை ஜாஸ்தி, வர முடியல. அப்புறமும் யாரும் கேக்கல. சரி, எனக்கு மருந்து முடிஞ்சிட்டு போலன்னு நெனச்சேன்,” என்றார்.

டாக்டர் மறுபடியும் சளிப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்ததா என்று அக்கா தினமும் விசாரித்துக்கொண்டே இருந்தார். நல்லவேளை, நோய் இன்னும் அதே மருந்துக்கு அடங்கும் என்று முடிவு வந்தது. அன்று மாலை என் மேசைக்கு வந்து நின்றார்.

“ஏட்டி, நாளைக்கு வராதவங்க லிஸ்ட இன்னைக்கே எடுத்துத் தந்துருதியா? காலையிலயே போயிருவேன்.”